மௌரீன் போட்ட கோடு

பவுலின் வகுத்திருந்த ஒழுங்கின்படி, மர்பி டவுனில் இருந்த அந்தச் சிறிய வீட்டில், சனிக்கிழமைக் காலையில் வேலையில்லாமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் அந்த வீட்டுக்கு உரியவளான யூனிஸ்.

நுரையீரல் நோய் கண்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மலையடிவாரத்துச் சானடோரியம் ஒன்றில் கிடந்து, பிழைத்துத் திரும்பியவள் அவள். அவள் வண்டியிலிருந்து இறங்கிய நாளில் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஊர் திரும்புவது வேறு, வீடு வந்து சேர்வது வேறு என்பதை அதன்பின் வந்த ஒவ்வொரு காலையும் அவளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தது.

முன்கூடத்தை ஒட்டிய அறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கதவைச் சாத்துவதில்லை. படுத்தபடியே பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும். சமையலறையில் பாதி தெரியும். நீர்த்தொட்டியும் கோழிக்கூடும் இருந்த கொல்லையில் ஒரு கீற்றுத் தெரியும்.

பெரியவள் நோரா, ஒன்பது வயதுக்காரி, தெருக்குழாயிலிருந்து சின்னப் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். படியேறும்போது உடம்பைச் சற்றே சாய்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து, லாந்தர் கண்ணாடிகளைச் சாம்பலும் பழைய காகிதமும் கொண்டு துடைக்க உட்கார்ந்தாள். யூனிஸ் நோயாளியாகப் புறப்பட்டுப் போனபோது, இந்தப் பெண்ணுக்குத் தன் செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொள்ளத் தெரியாது.

இளையவள் மௌரீனுக்கு ஐந்து வயது. அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தபோது கையால் துடைக்காமல், தோளை உயர்த்திச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அந்தச் சாமர்த்தியத்தையும் யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்த யாரோ பவுலின்தான். யூனிஸின் கணவன் ஹெர்பர்ட்டின் மூத்த சகோதரி. கோலார் தங்கவயலில் ஒரு மிஷன் பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவள், தம்பியின் வீடு தாயில்லாமல் நின்றபோது அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து இறங்கினாள். திருமணம் செய்துகொள்ளாதவள். குழந்தைகள் வீட்டு வேலை பழகுவது பற்றி அவளுக்கு உறுதியான கொள்கை இருந்தது. சின்ன வயதில் கை பழக வேண்டும், இல்லாவிட்டால் வாய்தான் பழகும் என்பாள். அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள். செய்து காட்டுவாள், செய்ய விடுவாள், கோணலாகச் செய்தாலும் பிடுங்கித் தான் செய்யமாட்டாள்.

அதில் குற்றம் சொல்ல யூனிஸுக்கு ஒன்றும் இல்லை. குற்றம் சொல்ல முடியாததே அவளை வாட்டியது. குழந்தைகளுக்குக் கைவராத வேலை ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, தனக்கென்று மிச்சம் இருக்காதா என்று அவள் கண்கள் அந்தக் கூடமெங்கும் தேடின. நோராவின் பின்னல் இறுக்கமாக, நேர்வகிடெடுத்து முடிந்திருந்தது. மௌரீனின் சட்டைப் பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன. செருப்புகள்கூட வாசலருகே பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நின்றன.

மௌரீனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யூனிஸ் திரும்பி வந்த அன்றுதான் அது உண்டாயிற்று.

யூனிஸின் அறை வாசலுக்குக் குறுக்கே, சிவப்புச் சிமெண்டுத் தரையில், பவுலின் அன்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். டாக்டர் பார்த்து உத்தரவு கொடுக்கும்வரை குழந்தைகள் தாயிடம் நெருங்கக் கூடாது. சொன்னால் மறந்துவிடுவார்கள், கண்ணுக்கு ஓர் அடையாளம் இருந்தால் மறக்கமாட்டார்கள் என்பது பள்ளிக்கூட அனுபவம். கோடு நாளுக்கு நாள் அழியும். அதை மறுபடி போடும் பொறுப்பைச் சின்னவளிடம் ஒப்படைத்தாள்.

மௌரீன் அந்த வேலையில் காட்டிய சிரத்தையை வேறெதிலும் காட்டவில்லை. எழுந்தவுடன் முகம் கழுவுவதற்கு முன்பே கோட்டைப் போட்டாள். பிறகு அதற்கு மேல் புள்ளிகள் வைத்தாள். எதிர்வீட்டு பிரிஜெட், கோழி முட்டை கொண்டுவந்தவள், அதைப் பார்த்துவிட்டு, வேதக்காரர் வீட்டுக்குள்ளே கோலமா, பாதிரியார் வரட்டும் சொல்கிறேன் என்று அவளைச் சீண்டினாள். மௌரீன் தலை நிமிரவில்லை. புள்ளிகளுக்கு இடையில் பூக்களும் வரைந்தாள்.

யாரும் அந்தக் கோட்டை மிதிக்கக் கூடாது. கஞ்சி கொண்டுபோகும் அத்தையும், இரவில் மருந்து கொடுக்க நுழையும் அப்பாவும் காலைத் தூக்கி எட்டி வைத்தே போக வேண்டும். மிதித்துவிட்டால் அவள் கோபித்துக்கொண்டு, அந்த இடத்தை அப்போதே திருத்திய பிறகுதான் அப்பால் போவாள்.

கட்டிலிலிருந்து யூனிஸ் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன்னைவிட்டு விலகி இருப்பதற்கான எல்லையை ஒரு குழந்தை பூப்போட்டு அலங்கரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல.

வெங்காயம் முடிந்தது. மௌரீன் தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பி, கோட்டுக்கு அந்தப் பக்கம் குந்தி, ஒரு பூவின் இதழைச் சரிசெய்தாள். யூனிஸ் கட்டிலிலிருந்து இறங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம், கைக்கு எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பாப்பா, எல்லாருக்கும் வேலை இருக்கே. எனக்கும் ஒரு வேலை குடேன்.”

மௌரீன் சாக்பீஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கேள்வி அவளுக்கு நியாயமாகவே பட்டது.

“நீங்க உள்ளேயே இருக்கணும்,” என்றாள். “அதுதான் உங்க வேலை.”

“அது ஒரு வேலையா?”

“அதுதான் பெரிய வேலை.”

சமையலறையில் நோரா சிரித்துவிட்டாள். பவுலின் ஏதோ சொல்லி அவளை அடக்கினாள். யூனிஸும் சிரித்தாள், பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஹெர்பர்ட் தண்டு ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை. புறப்படுமுன் அவன் கோட்டை எட்டித் தாண்டி உள்ளே வந்தபோது, யூனிஸ் திரும்பாமலே பேசினாள். செவ்வாய்க்கிழமை இரவு, மௌரீன் உறங்கிய பிறகு, பவுலினோடு டாக்டரிடம் போய் வந்ததை நினைவூட்டினாள். தன்னைத் திரைக்கு அப்பால் உட்கார வைத்துவிட்டு அவர் பவுலினிடம்தான் பேசினார் என்றும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சொன்னதாக வழியில் பவுலின் சொன்னாள் என்றும் அவனுக்குத் தெரியும்.

“கொஞ்ச நாள்னா எத்தனை நாள்னு கேட்டு வாங்க. வருஷக்கணக்கா இருந்தாலும் பரவாயில்லை. தெரிஞ்சா போதும்.”

கேட்டு வருவதாகச் சொன்னான்.

அவன் போன பிறகு அவள் மெல்லிய குரலில், யாருக்கும் கேட்காதபடி, மேலும் ஒன்று சொன்னாள். சானடோரியத்தில் அடுத்த கட்டிலில் இருந்தவள் இறந்துபோன இரவில்கூடத் தான் இவ்வளவு தனியாக இல்லை என்பதே அது.

டாக்டர் சீனிவாசராகவனின் மருந்துக்கடை அல்சூர் கடைத்தெருவில் இருந்தது. முன்பக்கம் கம்பவுண்டர் மருந்து கலக்குவார். பின்பக்கம் டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கே போன ஹெர்பர்ட், பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தபோது, கேட்க வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான். அவசரப்படுத்துவதுபோல் இருக்கக் கூடாது. டாக்டரின் தீர்மானத்தைச் சந்தேகிப்பதுபோலவும் இருக்கக் கூடாது.

அந்த ஒத்திகை வீணாயிற்று. அவன் கேட்டு முடிப்பதற்குள் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை வியப்போடு பார்த்தார்.

“நான் செவ்வாய்க்கிழமையே உங்க தமக்கைகிட்டச் சொன்னேனே, மிஸ்டர் ஹெர்பர்ட். சளியிலே கிருமி இல்லை. மார்பும் தேவலை. தட்டு, டம்ளர் தனியா இருக்கட்டும், முகத்தோடு முகம் வச்சுக் கொஞ்ச வேண்டாம். மத்தபடி குழந்தைகள் பக்கத்துல வரலாம், மடியிலே உக்காரலாம். சொல்லப்போனா, வரணும். அந்த அம்மாவுக்கு மருந்தைவிட அதுதான் இப்போ வேணும்.”

டாக்டர் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“உங்க தமக்கை சொல்லலையா?”

“சொன்னாங்க,” என்றான் ஹெர்பர்ட். பிறகு, “நான்தான் சரியா வாங்கிக்கலை போலிருக்கு,” என்று சேர்த்துக்கொண்டான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். வெளியே வந்து நடக்கும்போதுதான், தான் யாரைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். தாயை இழந்த வயதில் தன்னைத் தூக்கி வளர்த்தவள் பவுலின். தன் பள்ளியையும் தன் வகுப்பையும் விட்டுவிட்டு வந்தவள். மௌரீனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவள். யூனிஸ் முழுக்க எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டால் பவுலினுக்கு இந்த வீட்டில் என்ன இருக்கும்? தங்கவயலில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள்.

மேகமூட்டமாக இருந்தது. அல்சூர் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. அவன் வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் மர்பி டவுன் வந்துவிட்டது.

மௌரீன் வீட்டில் இல்லை. இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி பவுலின் அவளை பிரிஜெட் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். ஹெர்பர்ட் நேரே சமையலறைக்குப் போனான். பவுலின் முதுகைக் காட்டியபடி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“டாக்டரைப் பார்த்துட்டு வரேன், அக்கா.”

கரண்டி நின்றது. ஒரு கணம்தான். மறுபடி கிளறத் தொடங்கியது. அவள் திரும்பவும் இல்லை, என்ன சொன்னார் என்று கேட்கவும் இல்லை. கேட்காததே போதுமானதாக இருந்தது. ஹெர்பர்ட் கூடத்துக்கு வந்து, டாக்டர் சரி என்றுவிட்டார் என்று யூனிஸுக்குக் கேட்கும்படி சொல்லி, நோராவைக் கூப்பிட்டு, ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிடச் சொன்னான்.

நோரா தகப்பனாரின் முகத்தைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே யூனிஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலிட்டுத் துடைத்தாள். பூக்களும் புள்ளிகளும் வெள்ளைச் சேறாகிக் குழம்பி, துணியோடு போயின. வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. துணியைப் பிழிந்து வந்து இரண்டாம் முறையும் துடைத்தாள்.

“போதும்டி, தரை தேஞ்சிடும்,” என்றாள் யூனிஸ்.

நோரா எழுந்து அங்கேயே நின்றாள். துணியை வைத்திருந்த கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. யூனிஸ்தான் வெளியே வந்தாள். வந்து, அந்த ஈரக் கையோடு சேர்த்து அவளை அணைத்துக்கொண்டாள். பெண் முதலில் பலகைபோல் விறைத்து நின்றாள். இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் சிந்தாமல் குடம் சுமந்து பழகிய உடம்பு அது. அவ்வளவு எளிதில் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு நெற்றி மட்டும் மெதுவாக வந்து தாயின் விலாவில் சாய்ந்தது.

“உங்க துணி நனையுது அம்மா,” என்றாள் நோரா.

“நனையட்டும்.”

பாப்பா வந்தால் என்ன சொல்வாள் என்று நோரா கேட்டாள். தெருவாசலுக்கே போய்ச் சின்னவளை எதிர்கொள்ள வேண்டும் என்று யூனிஸுக்குத் தோன்றிவிட்டது. கட்டிலில் படுத்தபடி வரவேற்பது நோயாளியின் வழக்கம். வாசலில் நின்று வரவேற்பதுதான் அம்மாவின் வழக்கம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி நடந்து, நிலைக்கதவருகே போய் நின்றாள். பழக்கத்தினால், வரிசையாக இருந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

மௌரீன் பிரிஜெட்டின் விரலைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். பிரிஜெட் எதையோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். படியருகே வந்தபோது குழந்தை நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் அம்மா. காலில் செருப்பு. அவளுக்குப் பின்னால், கூடத்தின் மறுகோடியில், கோடு இருந்த இடத்தில் வெறும் ஈரத் தரை.

சிரிப்பு நின்றது. மௌரீன் பிரிஜெட்டின் கையை உதறிவிட்டுப் படியேறி ஓடிவந்தாள். யூனிஸ் இரண்டு கைகளையும் விரித்தாள். குழந்தை அந்தக் கைகளுக்குள் வரவில்லை. தலையைக் குனிந்து, இரு உள்ளங்கைகளையும் தாயின் முழங்கால்களில் வைத்து, தன் பலம் முழுவதையும் கொண்டு அவளைப் பின்னால் தள்ளினாள்.

“உள்ளே போங்க. உள்ளே போங்க.”

யூனிஸ் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். சமையலறை வாசலில் பவுலின் வந்து நின்றதை அவள் கண்டாள். ஹெர்பர்ட் நாற்காலியிலிருந்து எழுந்ததையும் கண்டாள். அவர்கள் யாரையும் பார்த்துச் சொல்லாமல் பொதுவாகச் சொன்னாள்:

“என்னைக் கண்டா அவளுக்குப் பயம். நான் திரும்பி வந்திருக்கவே கூடாது.”

மௌரீன் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, தெருவாசல் நிலைப்படிக்கு உட்புறமாக, யூனிஸின் செருப்பு நுனிக்கு முன்னால் கோடு போடத் தொடங்கினாள். கோடு கோணிக்கொண்டு போயிற்று. புள்ளி வைக்கவோ பூப்போடவோ நேரமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி அழுத்திப் போட்டாள்.

பிரிஜெட் படியில் நின்றபடி குனிந்தாள். எதிர்வீட்டுக்காரிக்கு உள்ள உரிமையோடு, வீட்டார் யாருக்கும் கேட்கத் தோன்றாததை அவள் கேட்டாள்.

“ஏன்டி கண்ணு, சும்னே, காரணமில்லாம இப்படி அழுவுறே? அம்மாவை எதுக்கு அடைக்கிறே?”

“தாண்டினா போயிடுவாங்க.”

“யாரு?”

“அம்மா. நான் உங்க வீட்டுல இருந்தப்பதான் அன்னைக்குப் போயிட்டாங்க. இப்பவும் உங்க வீட்டுக்குத்தான் என்னை அனுப்பினாங்க. கோட்டையும் அழிச்சிட்டாங்க.” விம்மலால் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. “கோடு இருந்தா போகமாட்டாங்க. அத்தைதான் சொன்னாங்க.”

எல்லோரும் பவுலினைப் பார்த்தார்கள்.

“நான் அப்படி எப்போ சொன்னேன்?” என்றாள் பவுலின்.

“அம்மா வந்த அன்னைக்கு. இதைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க.”

பவுலின் சொன்னது அதுதான். அந்த மூன்று சொற்களுக்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. நம் வீடுகளில் பேசப்படும் தமிழுக்கு ஒரு பழக்கம் உண்டு: யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அது எல்லோருக்கும் தெரியும் என்று நம்பிவிடும். கோடு கிழித்தவள் குழந்தைகள் தாண்டக் கூடாது என்று நினைத்துச் சொன்னாள். நோரா அதை அப்படியே புரிந்துகொண்டாள். ஐந்து வயதுக்காரி மட்டும், சொல்லாமல் விடப்பட்ட அந்த இடத்தில், தன் நெஞ்சில் எப்போதும் இருந்த ஒரே பெயரை வைத்துக் கேட்டுக்கொண்டாள். அம்மா இதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் போய்விடுவாள். ஆகவே கோடு அழியக் கூடாது. அழியக் கூடாதென்றால் அதை யாரும் மிதிக்கக் கூடாது. தானும் மிதிக்கக் கூடாது. அம்மாவின் மடி அவ்வளவு பக்கத்தில் இருந்தும், கால் பட்டுக் கோடு கலைந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் அவள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள்.

யூனிஸுக்கு இது ஒவ்வொன்றாக விளங்கியது. பூக்களும் விளங்கின. உள்ளேயே இருப்பதுதான் பெரிய வேலை என்று குழந்தை காலையில் சொன்னதும் விளங்கியது.

அவள் செருப்பைக் கழற்றினாள். பின்பு கதவைப் பிடித்தபடியே மெல்ல இறங்கி, அந்தக் கோணல் கோட்டுக்கு உட்புறமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் தாண்டலை, பாப்பா. பாரு. உள்ளேதானே இருக்கேன்?”

மௌரீன் பார்த்தாள். கோடு இப்போது தெருவாசலுக்குப் போய்விட்டது. அம்மா உள்ளே; அவளும் உள்ளே; கூடமும் சமையலறையும் கொல்லையும் கோழிகளும் எல்லாமே உள்ளே. எதையும் மிதிக்காமலே அம்மாவிடம் போகலாம். அதை அவள் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. கண்டுகொண்டதும், சாக்பீஸைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்து வந்து, யூனிஸின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள். யூனிஸ் அந்த வலியையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“வெங்காய வாசனை அடிக்குதுடி உன் மேல,” என்றாள்.

“உங்க மேல மருந்து வாசனை,” என்றாள் மௌரீன்.

பிரிஜெட் படியில் நின்றே மூக்கைச் சிந்தினாள். ஒரு வீட்டுக்குள் நுழைய இத்தனை கோடா, பேஜாரான வீடு என்று முணுமுணுத்துக்கொண்டு, கொண்டுவந்த முட்டைகளை நோராவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொடுக்கும்போதும் கோட்டை மிதிக்காமல் கையை மட்டும்தான் நீட்டினாள்.

சாப்பாடு தாமதப்பட்டது. அழுது ஓய்ந்த மௌரீன் மடியிலேயே உறங்கிவிட்டாள். நோரா பாயை விரித்து யூனிஸின் முதுகுக்குச் சுவரோரமாக இடம் செய்து கொடுத்துவிட்டு, கொல்லைக்குக் கோழிகளைக் கூப்பிடப் போனாள். உறங்கும் குழந்தை விழித்திருக்கும் குழந்தையைவிடக் கனமானது. யூனிஸின் கால் மரத்துப்போயிற்று. அவள் அதை அசைக்கவில்லை. சானடோரியத்தின் வராந்தாவில், மடித்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கண்மூடி நினைத்துப் பார்த்த கனம் இது. கம்பளிக்கு மூச்சு இல்லை; இதற்கு மூச்சு இருந்தது.

ஹெர்பர்ட் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அப்போதுதான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அதிக நேரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“டாக்டர் வேற என்ன சொன்னார்?” என்று யூனிஸ் மெதுவாகக் கேட்டாள்.

தட்டும் டம்ளரும் தனியாக இருக்க வேண்டும், முகத்தோடு முகம் வைக்க வேண்டாம் என்று அவன் சொன்னான்.

“அதைக் கேக்கலை. செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னவர், இன்னைக்கு எப்படி உடனே சரின்னார்? இன்னைக்கு அவர் என்னைப் பார்க்கவே இல்லையே.”

ஹெர்பர்ட் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரிடம் சொன்னதுபோல் ஏதாவது சொல்லிவிடலாம். மறுபடி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான்.

பவுலின் சாப்பாட்டுத் தட்டுகளுடன் சமையலறையிலிருந்து வந்தவள், பாதி வழியில் நின்றாள். தம்பியின் மௌனம் தன்னை மறைத்துக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். அந்த மறைவில் அவள் நின்றுகொண்டிருக்கலாம். தட்டுகளை மேஜைமேல் வைத்தாள்.

“செவ்வாய்க்கிழமையே சரின்னுதான் சொன்னார், யூனிஸ். என்கிட்டச் சொன்னார். நான்தான் சொல்லலை.”

எழுந்துவிட வேண்டும் என்று யூனிஸுக்குத் தோன்றியது. கேட்க வேண்டியவை வரிசையாக வந்து நின்றன: செவ்வாய் இரவு, புதன் இரவு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒவ்வோர் இரவு. மடியில் மௌரீன் உதட்டைச் சப்பிக்கொண்டு ஒருக்களித்தாள். யூனிஸ் எழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உறங்கும் குழந்தையை எழுப்பாத குரலில், ஒரு சொல் மட்டும் சொன்னாள்.

“ஏன்?”

பவுலினின் கண்கள் மௌரீன்மேல் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக இரவும் பகலும் அந்தக் குழந்தையைப் பார்த்துப் பழகிய கண்கள்.

“கழுத்து சரியுது பாரு,” என்றாள். “இரு, தலையணை எடுத்துட்டு வரேன்.”

“வேண்டாம், அக்கா,” என்றாள் யூனிஸ். “என் கை இருக்கு.”

கையை மெல்லக் குழந்தையின் கழுத்துக்கு அடியில் கொடுத்து, நிமிர்ந்து பவுலினைப் பார்த்தாள். கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை, விட்டுவிடவும் இல்லை.